கம்பி துடைக்கிற துணி

"அண்ணி, கொஞ்சம் மேல வாங்க. வந்து இந்தத் துணியப் பாருங்க."

"துணி பாத்துப் பாத்துத்தான் என் கண்ணே வெளுத்துப்போச்சு. இன்னும் என்ன துணி?"

"இது வெளுக்கிற துணி இல்ல. கம்பி துடைக்கிற துணி."

கீழே முற்றத்தில் அண்ணி சிரித்தது கேட்டது. ஆனால் வரவில்லை. மடிப்பக்கா மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அண்ணி காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, கையால் சோப்புத்தூளை அளந்து போட்டபடி, "ஆகட்டும் சார், ஆகட்டும் சார், இன்னும் ஒரு மாடி நிறையக் கட்டில் கூடினாலும் ஆகட்டும் சார்" என்று யாருக்கோ வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. அவள் மடித்த விரிப்புகளை அடுக்கினால் செங்கல் அடுக்கின மாதிரி நிற்கும். மூலைமேல் மூலை உட்கார்ந்திருக்கும், ஒரு நூல் விலகாது. அதனால் கடையில் வேலை செய்த பெண்கள் வைத்த பேர் அது. கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்த காலத்தில், ஏன் வந்துவிட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டவர்களுக்கு, "அங்க துணியச் சுருட்டி வைப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. வாய்க்குப் பயந்து கேட்கவில்லை என்பது அண்ணியின் கட்சி.

வீடும் சலவைக்கடையும் ஒன்றுதான். ஊர் ஆஸ்பத்திரியின் விரிப்புகள்தான் கடையின் பழைய வேலை. முன்புறம் துணி வாங்குகிற மேசை, நடுவில் முற்றம், பின்னால் தகரக் கொட்டகையில் பாய்லரும் துவைக்கிற எந்திரங்களும். கொட்டகையின் முதுகில் புகைக்கூண்டு. மாடி முழுக்கக் கம்பிகள். ஈரவிரிப்பைப் போடுமுன் கம்பியைத் துடைக்க வேண்டும். மறந்தால் விரிப்பின் நடு முதுகில் ஒரு கறுப்புக் கோடு விழும், மறுபடியும் துவைக்க வேண்டும். ஆகவே தினமும் மடிப்பக்கா ஒரு கிழிந்த தலையணை உறையை நனைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கம்பியை உருவிக்கொண்டே நடப்பாள். உறை எவ்வளவு கறுத்தது என்று பார்த்தால் போதும், முந்தின நாள் புகைக்கூண்டு எவ்வளவு கக்கியது என்று தெரிந்துவிடும்.

அதுதான் இப்போது அவளுக்குப் புரியாத விஷயமாக இருந்தது.

மாடியில் பாதியை அடைத்துக்கொண்டு சோலார் குழாய்கள் சாய்ந்து கிடந்தன. கறுத்த கண்ணாடிக் குழாய்கள், அவற்றின் தலையில் பெரிய பெரிய தொட்டிகள். வெயில் குழாயில் விழுந்து தண்ணீர் காய்ந்து தொட்டிக்கு ஏறும்; அங்கிருந்து கொட்டகைக்கு இறங்கும். எல்லாம் அண்ணி கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் தெருவே சிரித்தது. வாய்க்காலுக்கு அக்கரையில் இன்னொரு சலவைக்கடை வைத்திருந்த பஞ்சுமீசை, "மாடியில கண்ணாடிக்கடை போட்டிருக்காங்க, போய் வளையல் வாங்கிட்டு வாங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பொருத்த வந்த குழாய்க்காரர் தொட்டியைக் குழாயைவிடத் தாழ்வாக வைத்துவிட்டுப் போய்விட, தண்ணீர் ஏறவே இல்லை. அண்ணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, "சூடு மேலதானே போகும், உலைமூடிக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையா?" என்று அவரைத் திரும்ப வரவழைத்து மாற்றவைத்தாள். பாய்லருக்குக் கரி போடுகிற கணவரின் இருமலுக்காகத்தான் அத்தனை பாடும். கரி குறைந்தால் புகை குறையும், புகை குறைந்தால் நெஞ்சு இளகும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

குழாய் வந்த புதிதில் அது பலித்தது. கம்பித்துணி சாம்பல் நிறத்துக்கு இறங்கியது. மடிப்பக்காவே ஒருநாள், "அண்ணி, ஒங்க மூளைய மடிச்சு அலமாரியில வைக்கலாம்" என்று சொன்னாள். அது அவள் வாயிலிருந்து வந்த பெரிய பட்டம்.

அப்புறம் தெரு வளர்ந்தது. புதுப் பேருந்து நிலையம் வந்தது. அதன் பின்னால் விடுதிகள் வந்தன. விடுதி என்றால் கட்டில், கட்டில் என்றால் விரிப்பு. பெரிய விடுதியின் துணி கடைக்கு வந்தது. இன்னொரு துவைக்கிற எந்திரம் வந்தது. ஒழுகிய கூரைக்கு ஓடு வந்தது. மடிப்பக்காவுக்கு ஒரு சன்னல் வைத்த தனி அறை வந்தது. வாழ்நாளில் அவளுக்கென்று இருந்த முதல் சன்னல். வளர்ச்சியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பித்துணி மட்டும் மெதுவாக, யாரையும் கேட்காமல், பழைய கறுப்புக்குத் திரும்பியது. இன்று அதையும் தாண்டிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் பேச்சு வெடித்தது. ரொட்டி, அவித்த முட்டை, அரிந்த வெங்காயம். அண்ணன் ரொட்டியைத் தேநீரில் நனைத்து நனைத்து விழுங்கிக்கொண்டிருந்தார். மென்று தின்றால் மூச்சு வாங்கியது.

"சோலார் வந்ததும் கரி குறைஞ்சுதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றாள் அண்ணி.

"குறைஞ்சுது. மொதல்ல குறைஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் கூடிருச்சு."

"அதெப்படிக் கூடும்? பாதித் தண்ணி வெயில்ல காயுது. அப்போ கரியும் பாதியாத்தானே ஆகணும்?"

"ஒங்க வாய் அப்படிச் சொல்லுது அண்ணி. என் துணி வேற சொல்லுது."

"ஒனக்கு என்னதான் கோவம் என் மேல? நான் ஒரு காரியம் கொண்டுவந்தா அதுல ஒரு கறுப்பு பாத்தாகணும் ஒனக்கு. நாத்தனார் கண்ணுக்கு வெள்ளை தெரியவே தெரியாதா?"

"வெள்ளை தெரிஞ்சுதான் இந்தக் கடையில சோறு திங்கிறேன்."

"ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுங்க" என்று அண்ணன் எழுந்தார். "நான் போய் நெருப்பப் பாக்கிறேன். இந்த வீட்ல சொன்னா அடங்கறது அது ஒண்ணுதான்."

சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார். முற்றத்தில் நின்று இருமினார். கொட்டகைக்குள் போய் இருமினார். அந்த வீட்டில் அவர் எங்கே இருக்கிறார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. இருமல் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். அண்ணியும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெங்காயத்தைத் தின்றார்கள்.

சில நாள் கழித்து ஒரு விடிகாலையில், மடிப்பக்கா ஈரவிரிப்புக் கூடைக்காகக் கொட்டகை வாசலில் நின்றாள். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாய்லர் முனகிக்கொண்டிருந்தது. ஏதோ ஒன்று குறைந்தது. என்ன குறைந்தது என்று யோசித்தாள். இருமல் கேட்கவில்லை.

"அண்ணே?"

அண்ணன் கரிக்குவியலின் மேல் உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி மடியில் கிடந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

"அண்ணி!" என்று மடிப்பக்கா போட்ட கூச்சல் வாய்க்காலைத் தாண்டிப் பஞ்சுமீசை வீட்டுக்குக் கேட்டது. தன் துணி வண்டியை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் அவர்தான். அழுக்கு மூட்டைகளின் மேல் அண்ணனைச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆக்ஸிஜன் குழாய் மாட்டிப் படுக்கவைத்த பிறகு, அண்ணன் கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தார். அவளோ அவருக்கு அடியில் கிடந்த விரிப்பின் மடிப்புத் தடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா?"

"இது என் மடிப்புண்ணே."

"வெளுத்தது நான்" என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று. "நம்ம விரிப்புலயே... படுக்க வச்சுட்டாங்க... வாடகை கேப்பாங்களா?"

"வாய மூடுண்ணே. மூச்ச மிச்சம் பிடி."

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. அண்ணியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்ச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: "அந்தப் புகையில இனி நிக்கக் கூடாதும்மா. கரி எரியற வீட்லயும் இருக்கக் கூடாது. அடுத்த தடவை இந்த மாதிரி வந்தா, இங்க வந்து சேர்ற வரைக்கும் மூச்சு தாங்காது."

அண்ணி தலையை ஆட்டினாள். அழவில்லை. வீட்டுக்கு வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள். மடிப்பக்கா பின்னாலேயே ஓடினாள்.

கம்பித்துணியை எடுத்து நனைத்து அண்ணி தானே ஒரு கம்பியை உருவினாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே சோலார் குழாய்களிடம் போய் ஒரு குழாயைத் துடைத்தாள். துணி இன்னும் கறுத்தது.

"கண்ணாடி மேலயும் படிஞ்சிருக்கு" என்றாள். "நம்ம புகையே நம்ம வெயில மறைக்குது."

மடிப்பக்காவுக்கு நாக்கு நுனியில் ஏழெட்டுச் சொற்கள் வந்து நின்றன. அத்தனையும் விழுங்கினாள்.

"நீ சொன்னே" என்றாள் அண்ணி, சோப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில். "சொல்லிக்கிட்டே இருந்தே. நான்தான் கேக்கல. சரி, உக்காரு. எப்படிக் கூடுச்சுன்னு பாப்போம்."

கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். இந்த அண்ணி மடிப்பக்காவுக்குப் புதிதாக இருந்தாள். தப்பு தன் மேல் என்று தெரிந்ததும் சிலர் அழுவார்கள், சிலர் அடுத்தவர் மேல் பாய்வார்கள். இவள் சேலைத் தலைப்பால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"விடியறதுக்கு முந்தி ஆஸ்பத்திரி விரிப்பு துவைக்கிறோம். அப்போ தொட்டியில என்ன தண்ணி இருக்கு?"

"பச்சைத் தண்ணி."

"வந்த புதுசுல வெதுவெதுன்னு இருந்துச்சே. கொஞ்சம் கரி போட்டாப் போதும்னு அவர் சொல்வாரே."

"அப்போ பகல்ல காஞ்ச தண்ணிய யாரும் தொடல, ராத்திரி பூரா தொட்டியில இருந்துச்சு. இப்பத்தான் விடுதித் துணி மத்தியானமே வந்து எல்லாத்தையும் குடிச்சிருதே."

அண்ணி கையிலிருந்த கம்பித்துணியைப் பிழிந்தாள்.

"அப்போ வெயில் புது வேலைக்குப் போயிருச்சு" என்றாள். "பழைய வேலைக்குக் கரி அப்படியே நின்னுருச்சு. கரியக் குறைக்கக் கொண்டாந்த வெயில வச்சு நான் கட்டில் எண்ணிக்கையக் கூட்டியிருக்கேன்."

"அதோட போச்சா? விடுதித் துணி தொட்டித் தண்ணியில அடங்கல. மிச்சத்துக்கும் கரிதான். நடுவுல அணைச்சா மறுபடி மூட்டறது பெரும்பாடுன்னு அண்ணன் அணைக்கிறதும் இல்ல. சும்மா இருக்கிற நேரமும் அது பொகைஞ்சுக்கிட்டே கிடக்கு."

"வேலை கூடுச்சு. வெயிலும் கூடுச்சு. புகையும் கூடுச்சு. மூணும் கைகோத்துக்கிட்டுப் போயிருக்கு, நான் வாசல்ல நின்னு வழியனுப்பிட்டு இருந்திருக்கேன்."

"ஆஸ்பத்திரித் துணிய வெயில் தண்ணியிலயே துவைச்சா?"

"அதுக்கு மத்தியானம்ல துவைக்கணும்? அப்பத்தானே காயுது."

"மத்தியானமா! நல்லாச் சொன்னீங்க. விடுதித் துணிக்கு நிக்கிற கொஞ்ச நேரத்துலயே உசுரு போகுது, மத்தியானம் பூரா அந்தக் கொட்டகையில மனுஷன் நிக்க முடியுமா? எங்கப்பா காலத்துலேர்ந்து விடியுமுன்னதான் துவைக்கிறது."

"ஏன் நிக்க முடியாது?"

"வெந்து போயிருவோம் அண்ணி. பாய்லர் எரியுதே."

"பாய்லர் எரியலேன்னா?"

மடிப்பக்கா எழுந்தாள். கொட்டகைத் தகரத்தைப் பார்த்தாள், புகைக்கூண்டைப் பார்த்தாள், தலைக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தாள். நெருப்புக்குப் பயந்து விடிகாலைக்குத் தள்ளிய வேலை. விடிகாலையில் செய்வதால் அதற்கு நெருப்பு வேண்டியிருந்தது. இவ்வளவு வருஷமாக அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. குழாய் வந்த பிறகும் தோன்றவில்லை.

"அடப் பாவி" என்றாள் மெதுவாக. யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

இருவரும் சிரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் கிடக்கும்போது சிரிக்கிறோமே என்று வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். மறுபடி சிரித்தார்கள்.

"ஆனா மத்தியானம் துவைச்சாக் காயறதுக்குச் சாயங்காலம் ஆயிரும்" என்றாள் அண்ணி. "ராத்திரி ஈரக்காத்துல இஸ்திரி நிக்காது. விடிகாலையில குளுகுளுன்னு இஸ்திரி போட்டு மடிச்சுக் காலையில கொண்டுபோய்க் குடுக்கணும். ஒருநாள் பிந்தும். மேகம் போட்டா ரெண்டு நாள். வெயில அலமாரியிலயா பிடிச்சு வைக்க முடியும்?"

"வெயில வைக்க முடியாது. வெளுத்த விரிப்ப வைக்கலாமே. நல்ல வெயில் அடிக்கிறப்போ கூடத் துவைச்சுக் குடுங்க, நான் மடிச்சு அடுக்கிடறேன். மேகம் போட்ட அன்னைக்கு அலமாரியத் திறந்து எடுத்துக் குடுப்போம்."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், "மூளைய மடிச்சு வைக்கலாம்" என்ற பழைய பட்டம் வட்டியோடு திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரி சம்மதித்தது. சேமிப்பறை அம்மாள் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, மாற்றிப் போட இன்னொரு ஈடு விரிப்பை எடுத்துக்கொடுத்தாள். பெரிய விடுதியின் மேலாளர்தான் சட்டை மடிப்புக் கலையாமல் நேரில் வந்து, மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"காலையில அழுக்கு, சாயங்காலம் வெளுப்பு. அதுதானேம்மா பேச்சு?"

"பேச்சு அதுதான் சார். மாத்தித்தான் பேசக் கூப்பிட்டேன். கட்டிலுக்கு ஒரு ஈடு விரிப்பு கூட வாங்கிப் போடுங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்கிக்கலாம்."

"புதுக் கட்டடம் திறக்கப்போறோம். இன்னும் அவ்வளவு துணி தரலாம்னு நினைச்சிட்டிருக்கேன். நீங்க இருக்கிறதையே குறைக்கச் சொல்றீங்க."

"என் தொட்டி காச்சுற அளவுக்குத்தான் சார் என் கடை."

அவர் சிரித்தார். "வளர வேண்டாம்னு சொல்ற முதலாளிய இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

"வளர வேண்டாம்னு யார் சொன்னது? தொட்டி வளரட்டும், நானும் கூடவே வளர்றேன். புகைக்கூண்டு வளர்ந்து அது நிழல்ல நான் வளர வேண்டாங்கிறேன்."

மேலாளர் எழுந்தார். கெட்டவர் இல்லை. போகும்போது, "வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார். மறுநாளிலிருந்து விடுதி வண்டி வாய்க்காலைத் தாண்டிப் பஞ்சுமீசை வீட்டு வாசலில் நின்றது.

உதடு சிவந்து அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று விஷயம் தெரிந்து குதித்தார். குதிக்க முடியாததால் உட்கார்ந்தபடியே குதித்தார்.

"பெரிய விடுதிய விட்டுட்டியா? கையில வந்த சீதேவியக் காலால எத்தி விட்டுட்டியா? நெருப்புப் போட ஒரு ஆள் வச்சா முடிஞ்சுது!"

"எந்த ஆள்?"

"எவனாவது. ஊர்ல ஆளா இல்ல?"

"அந்த எவனோ ஒருத்தனுக்கு நெஞ்சு என்ன தகரத்துலயா செஞ்சிருக்கு?"

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "இருந்தாலும் நீ பேசுற பேச்சு..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல் தங்கையைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதண்ணே. இந்தத் தடவை நான் அண்ணி கட்சி" என்றாள் மடிப்பக்கா.

வீட்டின் நாள் தலைகீழாகத் திரும்பியது. விடிகாலையில் இஸ்திரி ஆவி. சூரியன் ஏறி நிற்கிறபோது துவைப்பு. கொட்டகைக்குள் பகலில் நின்று முதல்முறையாகப் பாட்டுப் பாடினார்கள் வேலைக்காரப் பெண்கள். நெருப்பு இல்லாத பாய்லரின் மேல் ஒரு பூனை ஏறிப் படுத்து, சூடு இல்லை என்று முகம் சுளித்து இறங்கிப் போனது. வரும்படி இறுகியது. இரண்டாவது எந்திரம் பாதிநாள் சும்மா நின்றது. அண்ணி சின்னச் சின்ன விடுதிகளாக ஏறி இறங்கி, "ஒருநாள் பிந்தினாப் பரவாயில்லைன்னா எங்கிட்ட குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். மடிப்பக்காவின் சன்னல் அறையில் இரண்டு பக்கமும் அலமாரி ஏறியது. படுத்தால் விரிப்புக்கு நடுவே அவளும் ஒரு விரிப்பு.

ஆனால் கம்பித்துணி இன்னும் கறுத்தது. முன்பு போல இல்லை, ஆனாலும் கறுத்தது. காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடித்த நாளில் அதிகமாகக் கறுத்தது. அந்த நாட்களில் அண்ணனுக்கு இருமலும் வந்தது.

"பஞ்சுமீசை புகை" என்றாள் மடிப்பக்கா. "நாம விட்ட விடுதித் துணிக்கு அவர் ராப்பகலா எரிக்கிறார். புகை எங்கயும் போகல அண்ணி. வாய்க்காலத் தாண்டி உக்காந்துக்கிட்டு இங்க எட்டிப் பாக்குது."

"அப்போ போய்ச் சொல்லிட்டு வருவோம்."

"என்னன்னு? எரிக்காதேன்னா? உங்களுக்கு வயித்தெரிச்சல்னு சொல்வார்."

"எப்படி வெளுக்கிறதுன்னு சொல்லப்போறேன்."

"எதிர்க்கடைக்காரனுக்கா! வித்தைய வீதியில கொண்டுபோய்க் கொட்டுவாங்களா யாராவது?"

"காத்துக்கு எதிர்க்கடை, நம்ம கடைன்னு தெரியுதா? கிளம்பு. அன்னைக்கு வண்டி எடுத்துட்டு வந்தவர் அவர்."

பஞ்சுமீசை கொட்டகை வாசலில் பனியனோடு நின்றிருந்தார். மீசை வெள்ளையாகத் தொடங்கி நுனியில் கரி படிந்து முடிந்தது. ஆள் தூங்கிப் பல நாள் ஆன மாதிரி இருந்தார்.

"வாங்கம்மா. விடுதி ஆர்டர எடுத்துக்கிட்டேன்னு சண்டைக்கா?"

"இல்லண்ணே. வளையல் விக்க வந்தேன்."

அவர் ஒரு கணம் விழித்து, பிறகு பழசு ஞாபகம் வந்து தலையைச் சொறிந்தார். "அந்தப் பேச்ச இன்னும் வச்சிருக்கீங்களா?"

"மடிச்சு வச்சிருக்கோம்" என்றாள் மடிப்பக்கா.

அண்ணி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் ஒளிக்கவில்லை. குழாயை எந்தச் சாய்வில் வைப்பது, தொட்டியை எங்கே வைப்பது, தான் பண்ணிய தப்பு, வெயில் தண்ணியைப் புது வேலைக்குக் கொடுத்துவிட்டுப் பழைய கரியை அப்படியே விட்ட கதை, எல்லாம். பஞ்சுமீசை கரி மண்வெட்டிமேல் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"எல்லாஞ் சரிம்மா. விடுதிக்காரர் ஒருநாள் பிந்த விடமாட்டாரே. உங்களையே விட்டுட்டு வந்தவர்."

"நான் ஒருத்தி சொன்னேன், உங்ககிட்ட வந்தார். நீங்களும் அதையே சொன்னா அவர் எங்க போவார்? விரிப்ப வாயால வெளுப்பாரா?"

கொட்டகை உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "சரின்னு சொல்லுங்க! நீங்க இருமுறது எனக்குத்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது!"

பஞ்சுமீசை கூசிப்போனார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

யோசிக்க ரொம்ப நாள் எடுத்துக்கொண்டார். நடுவில் மழைக்காலம் வந்தது. அலமாரி காலியானது. சூரியன் முகமே காட்டாத ஒரு வாரம் பாய்லரை மூட்டத்தான் வேண்டியிருந்தது. அண்ணனை புகை எட்டாத பக்கம் இருந்த ஒரு உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அண்ணியே மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கரி போட்டாள். அவள் களைத்தபோது மடிப்பக்கா மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள். "முழுசா விட்டுட்டோம்னு யார்கிட்டயும் சொல்லாதே, பொய்யாயிரும்" என்றாள் அண்ணி, துணிக்குள்ளிருந்து. மழை விட்டதும் முதல் காரியமாக அணைத்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் வாய்க்கால் பாலத்தின் மேல் ஒரு வண்டி மெதுவாகப் போயிற்று. வைக்கோலுக்கு நடுவே நீள நீளமாகக் கறுத்த கண்ணாடிக் குழாய்கள். பஞ்சுமீசை முன்னால் நடந்துகொண்டு, "மெல்ல, மெல்ல, மாடு மாதிரி ஓட்டாதே" என்று வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டே போனார். கொஞ்ச நாளில் பெரிய விடுதியின் மேலாளர் இரண்டு கடைக்கும் ஆளனுப்பினார். இன்னொரு ஈடு விரிப்பு வாங்கியாயிற்று, துணியை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டனுப்பினார்.

"தொட்டி கொள்ற அளவுக்கு" என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். அந்த வருஷமே இன்னொரு தொட்டி ஏறியது.

வெயில் நன்றாக விழுந்த ஒரு பகல். வாய்க்கால் பக்கமிருந்துதான் காற்று. மடிப்பக்கா கம்பிகளை உருவிக்கொண்டு வந்தாள். கீழே எந்திரம் ஓடியது, பெண்கள் பாடினார்கள். ஏதோ ஒன்று குறைந்தது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

இருமல் கேட்கவில்லை. காலையிலிருந்தே கேட்கவில்லை.

கரிக்குவியல் கண்ணுக்குள் வந்தது. திறந்து மூடிய வாய் வந்தது. துணியைக் கையில் பிடித்தபடியே மாடிப்படிக்கு ஓடினாள். படியின் தலைமாட்டில் எதிரே வந்து நின்ற உருவத்தின்மேல் முட்டிக்கொண்டாள்.

"ஏன் பாப்பா, பேய் துரத்துதா?"

அண்ணன். ஒரு கையில் தண்ணீர் வாளி, தோளில் குழாய் துடைக்கிற நீளக்குச்சி. கீழிருந்து மேல்வரை ஏறி வந்திருந்தார். நடுப்படியில் உட்காரவில்லை. வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

"சத்தம் போட்டு வரக்கூடாதா?" என்று மடிப்பக்கா அவர்மேல் எரிந்து விழுந்தாள். "திருடன் மாதிரி ஏறி வந்தா உசுரு போகுதுல்ல?"

"இருமினா ஏன் இருமுறேன்னு கேக்குற. இருமலேன்னா ஏன் இருமலேங்கிற. இந்த வீட்ல ஆம்பிளை வாழ வழியே இல்ல." வாளியை இறக்கி வைத்தார். "கொண்டா அந்தத் துணிய, வேர்க்குது."

அவள் கையிலிருந்த கம்பித்துணியைப் பிடுங்கி முகத்தை அழுத்தித் துடைத்தார். நெற்றி, கன்னம், கழுத்து, காதுமடல். மடிப்பக்கா தடுக்க வாயெடுத்தாள். தடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அப்படிப் பாக்குற? எங்கேயாவது கறுப்பு ஒட்டிருக்கா?"

"இல்லண்ணே" என்றாள். "நல்லாத் தொடைச்சுக்கோ."